அளவுகோல் யார் கையில்?

திருத்தணிக் குன்றின் உச்சியில் நிற்பவனுக்கு நாற்புறமும் நிலம் தெரியும். பசுமை தெரியும், வறட்சி தெரியும், வற்றிய ஏரி தெரியும். தெரியாதது ஒன்று உண்டு: பரந்த பசுமைக்கு நடுவே வாடிக் கிடக்கும் சிறு வயல் எவனுடையது, அவன் வீட்டில் இன்று உலை வைத்தார்களா என்பது! உயரம் பரப்பைக் காட்டும், ஆளைக் காட்டாது.

இன்று குன்றினும் பன்மடங்கு உயரத்திலிருந்து நிலத்தைப் பார்க்கிறது அறிவியல். 1972இல் அமெரிக்கா லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோளை ஏவிற்று. 1988 மார்ச் 17 அன்று இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ சோவியத் ஏவுகணையின் மீதேறி விண்ணகம் சென்றது. தொலையுணர்வு என்று அழைக்கப்படும் இந்தக் கலையில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. நலமான இலை, செந்நிற ஒளியை உண்ணும். அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். நோயுற்ற இலையால் அது இயலாது. இரண்டையும் ஒப்பிட்டால் பயிரின் நலிவு புலப்படும். 1970 அளவில், அறிவியலாளர் பிஷரொட்டியும் அவருடைய குழுவினரும் கேரளத்துத் தென்னந்தோப்புகளை வானிலிருந்து அகச்சிவப்புப் படம் எடுத்து, வேர்வாடல் நோயைத் தேடினர். ஊரைப் பிடித்த நோய் தெய்வக் குற்றம் என்று உடுக்கை அடித்த நாட்டில், நோயுற்ற மரத்தை ஒளியைக்கொண்டு கண்டறிய முனைந்தனர்! பகுத்தறிவு பெற்ற வெற்றிகளில் இதனையும் சேர்த்து எண்ணுதல் தகும்.

இந்தக் கண்ணுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. முன்னாளில் ஊர் நிலத்தின் கணக்கு கர்ணத்தின் ஏட்டிலே இருந்தது. வழிவழியாக அப்பதவி வந்தது. வழிவழியாக அவருடைய விருப்பும் வெறுப்பும் வந்தன. எவனுக்கு நஞ்சை, எவனுக்குத் தரிசு என்பதை அவருடைய எழுதுகோல் முடிவு செய்தது. தமிழ்நாட்டில் அந்தப் பரம்பரை முறை 1980இல் ஒழிந்தது. செயற்கைக்கோளுக்குப் பரம்பரை இல்லை. சேரிக்கு ஒரு பார்வை, அக்கிரகாரத்துக்கு ஒரு பார்வை என்று அது பார்ப்பதில்லை. உழுபவன் என்ன சாதி என்று கேட்டபின் ஒளி திரும்புவதுமில்லை.

செய்தி இனிப்பானது. ஆயினும், ஒளி நடுநிலையானது என்பதனால் தீர்ப்பும் நடுநிலையானதாகிவிடுமா? அங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். விடையைத் தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. திருத்தணியின் வரலாறே விடை தரும்.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டம் முழுமையாக அதனோடு சென்றது. திருத்தணியும் சென்றது. தமிழர் கொதித்தனர், ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைப் போரை நடத்தினர். சிறை கண்டனர் பலர். பின்னர் படாஸ்கர் நடுவராக வந்தார். மாவட்டத்தை அலகாகக் கொள்ளற்க, ஊரை அலகாகக் கொள்க. அங்கே எந்த மொழியினர் மிகுதி, நிலத்தொடர்ச்சி எந்தப் பக்கம் என்று காண்க என்பது அவர் வகுத்த நெறி. 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகம் வந்தது.

எண்ணிப் பாருங்கள்! இடைப்பட்ட ஆறரை ஆண்டுகளில் குன்று இடம்பெயர்ந்ததா? மக்கள் மொழியை மாற்றிக்கொண்டனரா? எதுவும் மாறவில்லை. அலகு மாறிற்று, முடிவு மாறிற்று. மாவட்டத்தைக் கொண்டு அளந்தபோது ஆந்திரம், ஊரைக் கொண்டு அளந்தபோது தமிழகம்!

அன்று மக்கள் போராடிக் கண்ட உண்மையைத்தான் இடஞ்சார் புள்ளியியல் என்னும் துறை பின்னர் கணக்குப் போட்டுக் காட்டிற்று. 1979இல் ஓபன்ஷா, டெய்லர் என்ற இருவர், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து 99 கவுண்டிகளின் விவரங்களை எடுத்துக்கொண்டனர். முதியோர் தொகைக்கும் ஒரு கட்சி பெற்ற வாக்குக்கும் உள்ள உறவை ஆராய்ந்தனர். கவுண்டிகளை ஒரு வகையாகத் தொகுத்தால் வலுவான நேர் உறவு. வேறு வகையாகத் தொகுத்தால் வலுவான எதிர் உறவு! விவரம் ஒன்றே, எல்லைக்கோடுதான் வேறு. எண்கள் தாமாகப் பேசுவதில்லை. எல்லை வகுத்தவனும் அவற்றினூடே பேசுகிறான்.

செயற்கைக்கோள் படத்திலும் அலகு உண்டு. படம் சிறு சிறு கட்டங்களால் ஆனது. கட்டம் ஒன்றுக்கு எண் ஒன்று. ஐ.ஆர்.எஸ்.-1ஏ தந்த படங்களில் ஒரு வகையில் கட்டத்தின் பக்கம் 72.5 மீட்டர், ஏறத்தாழ 1 ஏக்கர் 30 சென்ட். லேண்ட்சாட்டின் 30 மீட்டர்க் கட்டம் 22 சென்ட். 2015இல் ஐரோப்பியர் ஏவிய சென்டினல்-2 தரும் 10 மீட்டர்க் கட்டம் இரண்டரை சென்ட். பத்து ஏக்கர்காரனின் நிலம் முதல் படத்திலேயே துலங்கிற்று. அரை ஏக்கர்காரனின் நிலமோ அண்டை வயலோடு கலந்து கரைந்தது. கருவி எவரையும் ஒதுக்கவில்லை. ஆயினும், சிறியவன் மறைந்தான்! வெப்பத்தின் கதையும் அதுவே. லேண்ட்சாட் 8இன் வெப்பப் படத்தில் கட்டத்தின் பக்கம் 100 மீட்டர். ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். கோடையில் தமிழகத்தின் கடும் வெயில் ஊர்களுள் ஒன்றாகப் பேசப்படும் திருத்தணியில், மரநிழல் மாளிகையும் தகரக்கூரைக் குடிசையும் அந்த ஒரே எண்ணில் அடங்கும். சராசரி வெப்பத்தில் எவனும் வாழ்வதில்லை. அவனவன் கூரையின் கீழ்தான் வாழ்கிறான்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2016இல் தொடங்கிய பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். முதன்மைப் பயிர்களுக்கு ஊரோ ஊராட்சியோ அலகு. ஏனைய பயிர்களுக்கு அதனினும் பெரிய பரப்பும் அலகாகலாம். அந்த அலகின் சராசரி விளைச்சல், குறித்த வரம்புக்குக் கீழே போனால் இழப்பீடு, போகாவிட்டால் இல்லை. ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குதல் போன்ற சில இடர்களுக்குத் தனி வயலைப் பார்க்க விதி உண்டு. ஆனால், கிணறு வற்றி ஒருவன் பயிர் கருகிற்று, ஆழ்துளைக் கிணறு வைத்திருந்த அண்டை வயல்காரர்களுக்கு விளைந்தது என்றால், விளைந்தவர்களின் சராசரி கருகியவனின் கண்ணீரைத் துடைத்துவிடுகிறது, ஏட்டில் மட்டும்! 2023இலிருந்து நெல், கோதுமை விளைச்சல் மதிப்பீட்டில் தொலையுணர்வும் இடம்பெற்றுவிட்டது. ஆகவே கட்டத்தின் அளவு, ஆய்வுக்கூடத்துச் செய்தியாக நின்றுவிடாமல், உழவன் வீட்டு உலையைத் தொடும் செய்தியாகிவிட்டது.

ஒவ்வொரு வயலையும் தனித்தனியே அளக்க ஆளுக்கும் பொருளுக்கும் எங்கே போவது, தனி வயலைப் பார்க்கத் தொடங்கினால் கைக்கூலி தலைதூக்காதா என்று கேட்பர். கேள்வி நேர்மையானது. சராசரி பாவமன்று, பல இடங்களில் அது கர்ணத்தின் ஏட்டைவிட நேர்மையானது. பழுது எங்கே வருகிறது? சராசரியை உண்மை முழுவதும் என்று கூறும்போது வருகிறது. அலகைத் தேர்ந்தவர் மனிதர் என்பதை மறைத்து, "கருவி சொல்லிற்று, நாங்கள் என்ன செய்வோம்?" என்று கைகழுவும்போது வருகிறது. "ஆண்டவன் எழுதிய எழுத்து" என்று ஏழையை வாயடைத்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாம். தலையெழுத்தின் இடத்தில் கணிப்பொறி எழுத்தை உட்காரவைத்து வணங்குவதற்கோ பகுத்தறிவு பேசினோம்?

எனவே அறிவியலாளருக்கு ஓர் அறக்கடமை உண்டு. எந்த அலகால் அளந்தேன், வேறு அலகால் அளந்திருந்தால் முடிவு எப்படி மாறியிருக்கும், பிழை எவ்வளவு இருக்கலாம் என்று அவர் அறிவிக்க வேண்டும். அதுவும் உழவனுக்குப் புரியும் தமிழில் அறிவிக்க வேண்டும். வானத்துப் படத்தை வயலில் இறங்கிச் சரிபார்ப்பதை இத்துறையின் நல்லறிஞர் எவரும் கைவிடுவதில்லை. அப்படி இறங்கும்போது மண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது. மண்ணுக்குரியவனையும் கேட்க வேண்டும். அரசின் கடமை இன்னும் பெரிது. எந்த அளவையிலும் பிழை நேரும். நேரும் பிழையின் சுமையைச் சுமப்பவன் யார்? தாங்க வல்ல கருவூலமா, தாங்கமாட்டாத அரை ஏக்கர்காரனா? இதற்கு எந்தச் செயற்கைக்கோளும் விடை தராது. விடை அறத்தில் இருக்கிறது.

மாவட்டம்தான் அலகு என்று 1953இல் சொன்னபோது, திருத்தணி மக்கள் அதனை விதி என்று ஏற்று வாளா இருந்தாரில்லை. அளவுகோலையே கேள்வி கேட்டனர். அதனால் எல்லை மாறிற்று. அந்தக் கேள்வி கேட்கும் உரிமை, கருகிய வயலின் வரப்பில் நிற்பவனுக்கும் வேண்டும். விண்ணிலிருந்து பார்க்கும் அறிவு வளரட்டும், வாழ்த்துவோம். அளவுகோல் மட்டும் எவருடைய கேள்விக்கும் எட்டாத உயரத்துக்குப் போய்விடக் கூடாது!