எழுந்து உட்கார், தங்கச்சி!

உன்னைத்தான் கூப்பிடுகிறேன். கடலோரப் புதுமடத்தில் ஏதோ ஒரு வீட்டில், மனசுக்குள் இருக்கும் பெண்ணின் பெயரை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் தலையணையில் முகம் புதைத்துக் கிடக்கிறாயே, உன்னைத்தான். எழுந்து உட்கார். உன் ஊர்க் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்மணி இருக்கிறார். அவரைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ரோசன்னா ஃபிளேமர்-கல்தேரா. இலங்கைக்காரர். பெண்ணை நேசிக்கும் பெண் நான் என்று சொந்தப் பெயரில், முகத்தை மறைக்காமல் சொன்னவர். எந்த நாட்டில் சொன்னார் தெரியுமா? அங்கே ஆங்கிலேயர் காலத்துத் தண்டனைச் சட்டக் கோவையில் 365ஏ என்றொரு பிரிவு. ஆணோடு ஆண் கொள்ளும் உறவைத்தான் முதலில் அது குற்றம் என்றது. அதை நீக்குங்கள் என்று குரல் எழுந்தபோது, 1995-இல் நாடாளுமன்றம் என்ன செய்தது? ‘ஆண்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பெண்களையும் அதற்குள் இழுத்துப் போட்டது! இரண்டு ஆண்டுவரை சிறை. எத்தனை பெரிய அநியாயம்!

அவர் ஒடுங்கிப் போனாரா? இல்லை. 1999-இல் தோழிகளோடு சேர்ந்து இப்படிப்பட்ட பெண்களுக்கென ஓர் ஆதரவுக் குழு. 2004-இல் ‘ஈக்குவல் கிரவுண்ட்’ அமைப்பு. மிரட்டல் வந்தது, போலீஸ் கண்காணிப்பு வந்தது. 2018-இல் தன் நாட்டின் மீதே புகார் எழுதி, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழுவின் கதவைத் தட்டினார். 2022-இல் முடிவு வந்தது: பெண்கள் மனமொத்து நேசிப்பதைக் குற்றமாக்குவது பெண்ணுரிமை மீறல். அந்தக் குழு இப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. தனி ஒரு பெண்ணின் புகார், தங்கச்சி! அந்தச் சட்டம் இன்னும் விழவில்லைதான். 2023 மே மாதம், அதை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணல்ல என்று இலங்கை உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்த நாடாளுமன்றம்தான் அதைச் சட்டமாக்கவில்லை.

இக்கரையில் உன் நிலை அதைவிடப் பலமானது. 2018 செப்டம்பர் 6 முதல் உன் நேசம் இந்தியாவில் குற்றமல்ல. மதுரையிலிருந்து சென்னைக்குக் கிளம்பிப்போன இரண்டு பெண்களின் வழக்கில், இது எனக்குப் புரியவில்லை, கற்றுக்கொள்கிறேன் என்று உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்தார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். 2021 ஜூனில் அவர் தந்த உத்தரவு, இப்படிப்பட்டவர்களைப் போலீஸ் துன்புறுத்தக் கூடாது என்றது. ஒரு நீதிபதி கற்றுக்கொள்ள முடிந்ததை உன் ஊராரும் ஒருநாள் கற்றுக்கொள்வார்கள்.

அதற்காக நாளைக்கே தெருவில் நின்று அறிவிக்கச் சொல்லவில்லை. யாரிடம், எப்போது சொல்வது என்பது உன் முடிவு. அதை யாரும் உன்னிடமிருந்து பிடுங்க விடாதே. முதலில் உனக்கு நீயே சொல்லிக்கொள். படிப்பை விடாதே. கையில் சொந்தச் சம்பாத்தியம் இருக்கட்டும்: இந்தக் கரையில் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கிப் பாசி எடுக்கும் அக்காமாரைக் கேள், சொந்தக் காசின் பலத்தைச் சொல்வார்கள்.

இன்னொன்று. உன்னை ‘மாற்றித் தருகிறேன்’ என்று எவராவது மருந்தோ ஊசியோ நீட்டினால் நம்பாதே. 1990-லேயே உலக சுகாதார நிறுவனம் இந்த நேசத்தை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இப்படி மாற்றுகிறேன் என்று சிகிச்சை தருவது தொழில் ஒழுக்க மீறல் என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமே சொல்லிவிட்டது. அப்படி ஒருவர் முன்னால் உன்னை உட்கார வைத்தால், இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எழுந்து வெளியே வா.