பானைக்கு ஏறாத போதை

வஞ்சி நகரில் ஆண் தவசி வேடத்தில் சமயக்கணக்கர்களைக் கேட்டுக்கொண்டே வரும் மணிமேகலை, கடைசியாகப் பூதவாதியிடம் வந்து சேர்கிறாள். தாதகிப்பூ, வெல்லக்கட்டி முதலியவற்றைக் கூட்டி வைத்தால் மதுவின் களிப்பு பிறக்கிறது. அதுபோலப் பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது என்கிறான் அவன். உயிர் என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை. அவளுடைய மறுப்பு வேறு பக்கம் போய்விடுகிறது. கண்ணால் கண்டதே சான்று என்றால் உன் தாய் தந்தையரை எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாளே தவிர, மதுச்சாடியைத் திறந்து பார்க்கவில்லை. பொருளிலிருந்தே அறிவு என்று சொன்னவர்களுக்கு நம் மரபில் இதைவிட வலுவான உவமை அமையவில்லை என்பது என் எண்ணம். திறந்து பார்த்துவிடுவதே நியாயம்.

அதற்குப் புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு வீவக வீட்டு அடுக்களை போதும். 18 வயது நிரம்பியவர், சொந்தக் குடிப்புக்கு மட்டும், வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேற்படாமல் நொதித்த பானம் செய்துகொள்ள உரிமம் வேண்டாம் என்கிறது சிங்கப்பூர்ச் சுங்கத்துறை. விற்கவும் கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது. பேரங்காடியில் வாங்கும் ஆப்பிள் சாற்றில் லிட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரை உண்டு. சூடேற்றி அடைத்த சாறு என்பதால் பெட்டியைத் திறக்காதவரை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதைச் சாடியில் ஊற்றி ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவ வேண்டும். (பெட்டியில் பொட்டாசியம் சோர்பேட் என்று போட்டிருந்தால் ஈஸ்ட் பெருகாது, காசு தண்டம்.) முதல் சில மணி நேரம் எதுவும் தெரியாது. மறுநாள் வாக்கில் சாறு கலங்கி, மேலே நுரை கட்டி, மூடியில் பொருத்திய குழாய்வழியே குமிழி வெளியேறத் தொடங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் குளிர்நாட்டைவிட வேலை வேகமாகவே நடக்கும். 1.050-இல் மிதந்த அடர்த்திமானி (ஹைட்ரோமீட்டர்) நாளுக்கு நாள் அமிழ்ந்துகொண்டே போய் 1.000-ஐ ஒட்டி நிற்கும்போது ஆல்கஹால் 6 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். குமிழி நின்றதை முடிவென்று நம்பக்கூடாது. இரண்டு மூன்று நாள் ஒரே எண் வர வேண்டும். பொறுக்காமல் புட்டியில் அடைத்தால் புட்டி வெடிக்கும்.

பூதவாதிக்கு முதல் பதில் இங்கேயே இருப்பதுபோலத் தோன்றும். ஈஸ்ட் விழாத சாறு சாறாகவே கிடக்கிறது. நொதித்தல் உயிருள்ள நுண்ணுயிரின் வேலை என்று 19ஆம் நூற்றாண்டில் பாஸ்டர் காட்டினார். அரிஷ்டம் செய்பவர்கள் இன்றும் சேர்க்கும் தாதகிப்பூவிலும் காட்டு ஈஸ்ட் ஒட்டியிருக்கிறது. உயிரற்றவற்றைக் கூட்டினேன் என்றவனின் கூட்டத்தில் உயிர் முன்பே ஏறி உட்கார்ந்திருந்தது. அழகான மறுப்புதான், ஆனால் நிற்காது. 1897-இல் எடுவர்ட் பூக்னர் ஈஸ்டை அரைத்துப் பிழிந்து, உயிரணு எதுவும் இல்லாத அந்தப் பிழிவு மட்டுமே சர்க்கரையை நொதிக்க வைப்பதைக் கண்டார். 1907-இல் அதற்கு நோபல் பரிசும் வந்தது. பிழிவு உயிரிலிருந்து வந்ததுதானே என்று நாம் இழுக்கலாம். வேலையைச் செய்தது வேதிப்பொருள் என்று பூதவாதி சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை.

சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் வேறு வழியில் வருவார்கள். இல்லது தோன்றாது, பாலில் தயிர் இருந்ததுபோல மது சாற்றிலேயே இருந்தது, வெளிப்பட்டது மட்டுமே புதிது என்பது சற்காரியவாதம். மணலைப் பிழிந்து எண்ணெய் எடுக்க முடியாது என்ற அளவில் அது உண்மை. 100 கிராம் சர்க்கரை ஏறக்குறைய 50 கிராம் ஆல்கஹாலுக்கு மேல் தராது. ஆனால் அதே சாடியில் காற்று புகுந்தால் மது புளித்துக் காடியாகிவிடுகிறது. சாற்றில் இருந்தது மதுவா, காடியா? இரண்டும் என்றால் அந்த 'இருந்தது' என்ற சொல்லுக்குக் கனம் குறைந்துவிடுகிறது. முதற்காரணம், துணைக்காரணம், நிமித்தகாரணம் என்று குடத்துக்குச் சொன்ன கணக்கில் ஈஸ்டை எங்கே வைப்பது என்பதும் எனக்குப் பிடிபடவில்லை. அது சக்கரமா, குயவனா? தானே பெருகும் சக்கரத்தை யாரும் பார்த்ததில்லை.

காலத்தைக் கேட்டாலும் தெளிவு வராது. சாறு மதுவான கணம் எது? ஹைட்ரோமீட்டரில் அப்படி ஒரு கோடு இல்லை. கோடு போட்டவர்கள் எல்லாம் குடிப்பவரை நினைத்தே போட்டார்கள். பேரீச்சையோ திராட்சையோ ஊறிய நபீதை நபிகள் மூன்று நாள் வரை அருந்தியதாகவும், அதற்குமேல் கிடந்தால் அது கொட்டப்பட்டதாகவும் ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பு சொல்கிறது. சிங்கப்பூரின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் 0.5 விழுக்காட்டுக்கு மேல் போனால்தான் மதுபானம் என்கிறது. ஒன்று நாளை எண்ணுகிறது, மற்றது அளவை எண்ணுகிறது. கடைச் சாற்றிலேயே துளியளவு ஆல்கஹால் இருக்கக்கூடும். அதைக் குடித்த குழந்தையை யாரும் குடிகாரன் என்பதில்லை. இந்தப் படிப்படியான ஏற்றம் பூதவாதிக்குச் சாதகம் என்று வாதிடலாம். கருவில் அறிவு புகுந்த கணத்தையும் சொல்ல முடியாதே, அதுவும் இப்படித்தான் ஏறியது என்பான். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொள்ள முடியாதது ஒன்றுதான். அவன் சொன்ன களிப்பு சாடியில் பிறக்கவில்லை. இரண்டு வாரம் மதுவைச் சுமந்து நின்ற பானைக்குப் போதை ஏறுவதில்லை. ஈஸ்டும் தள்ளாடுவதில்லை, ஆல்கஹால் கூடக்கூட அடியில் படிந்து செயலற்றுப்போகிறது, அவ்வளவே. மயக்கம் என்பது ஏற்கெனவே தெளிந்திருக்கும் ஓர் அறிவுக்கு நேர்வது. அறிவு எப்படி வந்தது என்று விளக்க எடுத்த உவமை, விளங்க வேண்டிய அந்த அறிவையே கடனாக வாங்கிக்கொண்டுதான் நடக்கிறது. யாரும் குடிக்காமலே ஹைட்ரோமீட்டர் அளக்கிறதே என்று கேட்கலாம். அது அளப்பது திரவத்தின் அடர்த்தியை. 1.000 என்ற எண்ணில் களிப்பு இல்லை. சரி, ஆல்கஹால் பிறந்தது என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று பூதவாதி இறங்கிவந்தால், பொருளிலிருந்து பொருள் வந்தது என்பதில் யாருக்கும் சண்டையில்லை; அவன் காட்ட வந்தது அதுவல்லவே. இதனால் ஆன்மா உண்டென்று நிறுவிவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். சிவஞான சித்தியாரின் பரபக்கம் பூதவாதியின் இனத்தவனான உலோகாயதனோடுதான் தொடங்குகிறது. அந்த வழக்கு நீளமானது. அதில் அவன் வேறு சாட்சியைக் கூப்பிட்டுக்கொள்ளட்டும். இந்தச் சாட்சி குடிப்பவன் வரும்வரை வாய் திறக்காது.