யாருடைய வளையல்?

"என்ன அளவு, அண்ணாச்சி?" என்று கேட்டார் வளையல் கடைக்காரர்.

திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதியில் உள்ள கடை அது. ஓர் ஆண்பிள்ளை தனியாக வந்து கண்ணாடி வளையல் கேட்டால் அளவு தெரியாமல் விழிப்பான் என்பது அவருடைய அநுபவமாக இருக்க வேண்டும். நான் விழிக்கவில்லை. "இரண்டு ஆறு" என்று உடனே சொன்னேன். கண்ணாடி வளையலின் குறுக்களவை அங்குலத்திலும், அங்குலத்தைப் பதினாறாகப் பங்கிட்டும் சொல்லுவார்கள். இரண்டு ஆறு என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் ஆறு பங்கும். என் தங்கையின் கைக்கு அதுதான் அளவு. எங்கள் தகப்பனார் முன்னமே காலமாகிவிட்டதால், அவளுடைய வளைகாப்புக்கு வேண்டிய வளையல்களை வாங்கியவன் நான். அன்று முதல் அந்த அளவு எனக்கு மறக்கவில்லை.

"வீட்டிலே விசேஷமா?" என்றார் அவர், சிரித்த முகத்தோடு.

"ஆமாம்" என்றேன்.

என் தங்கையின் கணவர் இறந்து அன்று ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. மறுநாள் விடியுமுன் அவளுக்குச் செய்ய வேண்டிய சடங்குக்காகத்தான் நான் வளையல் வாங்கினேன். கோடிப் புடவை, பூ, வளையல் எல்லாம் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும் என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். கை நிறைய அடுக்கி, தலை நிறையப் பூச்சூட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, கலியாணப் பெண்ணைப் போல் அவளை உட்கார வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்கள். உடைப்பதற்காகவே அடுக்குகிறார்கள். வளைகாப்புக்கு வாங்கிய அண்ணன்தான் இதற்கும் வாங்க வேண்டும். கடைக்காரர் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தபோது, "பத்திரமாக எடுத்துக்கிட்டுப் போங்க, உடைஞ்சிரும்" என்று எச்சரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் இருட்டோடு பெண்கள் அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் போகக் கூடாதாம். நான் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கையில் முந்தின நாள் பத்திரிகை. கண்ணாடி உடையும் சத்தம் பெரிய சத்தமன்று. தெருவில் போகிறவனுக்குக் கேட்காது. எனக்குக் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

பெண்களின் துயரத்தைக் கதைகளில் எழுதுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. பாராட்டி வந்த கடிதங்களை ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். அந்த விடியற்காலையில் பத்திரிகையின் அதே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தவனும் நான்தான்.

இது நடந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அன்று கேட்காத ஒரு கேள்வியை அதன் பிறகு பல முறை எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த வளையல்கள் யாருடையவை?

தாலியைக் கட்டியவன் கணவன். அவன் போனபின் தாலியும் போக வேண்டும் என்று வாதிடுகிறவர்களின் பேச்சில், நான் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது. வளையலுக்கு அந்தக் கணக்குக்கூடப் பொருந்தவில்லையே! பிறந்து சில நாட்களே ஆன சிசுவின் கையில் திருஷ்டி படாமலிருக்கக் கறுப்பு வளையல் போடுகிறோம். அப்போது கணவன் எங்கே இருந்தான்? என் தங்கைக்கு ஏழு வயதிருக்கும்போது, ஆடிப்பூரத் திருவிழாவில் காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு நடந்த நாளில், கூட்டத்தில் இடிபட்டு, என் தோளில் ஏறி நின்று, பிரசாத வளையல் இரண்டு வாங்கினாள். வீடு வந்து சேர்வதற்குள் ஒன்று உடைந்துவிட்டது. தெருவெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். அன்றைக்கு வளையல் உடைந்ததற்காக அழுத குழந்தை, நாற்பத்தோராவது வயதில் வளையல் உடைத்தபோது அழவில்லை என்று பெண்கள் பிறகு பேசிக்கொண்டார்கள். அதைக் கூட ஒரு குறையாகத்தான் சொன்னார்கள்.

தகப்பன் வாங்கிக் கொடுத்தது, அம்மன் கொடுத்தது, திருவிழாக் கடையில் அடம்பிடித்து வாங்கியது, தோழி பரிசாகத் தந்தது என்று ஒரு பெண்ணின் கையில் வளையல் ஏறும் வழிகள் எத்தனையோ. வாழ்க்கையில் நடுவே வந்த ஒருவன், நடுவே போகும்போது, தனக்கு முன்பே இருந்ததையும் எடுத்துக்கொண்டு போவது என்ன நியாயம்? அவன் பாவம், எடுத்துக்கொண்டு போகவில்லை. அவன் பெயரைச் சொல்லி நாம் எடுக்கிறோம். என் மைத்துனர் நல்லவர். அவரைக் கேட்டிருந்தால், "ஏன் அவள் கையைப் பிடித்து இழுக்கிறீர்கள்?" என்று சண்டைக்கு வந்திருப்பார்.

வழக்கம் பழமையானது என்பார்கள். உண்மைதான். கணவனை இழந்த பெண்கள் தொடியைக் களைந்த செய்தி புறநானூற்றிலேயே இருக்கிறது. ஆனால் பழமை என்று பார்க்கப் புகுந்தால் அதற்கும் முன்னால் போகலாம். மொகஞ்சதாரோவில் 1926இல் ஒரு வெண்கலப் பெண்ணைக் கண்டெடுத்தார்கள். இப்போது டில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். உயரம் நான்கு அங்குலத்துக்குச் சற்று மேல். வயது நாலாயிரம் ஆண்டுகளுக்கும் அதிகம். இடுப்பில் ஒரு கையை ஊன்றி, முகவாயைச் சற்று உயர்த்தி, யாரையும் பொருட்படுத்தாமல் நிற்கிறாள். இடக்கையில் தோள்பட்டை வரைக்கும் வளையல். வலக்கையில் நான்கே நான்கு. அவள் கன்னியா, மனைவியா, கைம்பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் அவள் எதிரே வெகு நேரம் நின்றேன். அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவே இல்லை. என் தங்கையின் வெறுங்கையைப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் அது முதலில் தோன்றிவிடுகிறது.

இந்தத் துக்கம் நம் ஊரோடு நிற்பதுமில்லை. எங்கள் பக்கத்துத் தூத்துக்குடிக் கடலில் மூழ்கி எடுத்த சங்குகள் பல காலமாக வங்காளத்துக்குக் கப்பலேறின. அங்கே அவற்றை அறுத்து, வளையமாக்கி, மெருகிட்டு, கலியாணமான பெண்களின் கையில் வெள்ளை வளையாகப் போட்டார்கள். கணவன் இறந்தால் அந்தச் சங்கு வளையும் உடைபட்டது. கண்ணாடி வளையல்களோ பெரும்பாலும் ஆக்ராவுக்குப் பக்கத்திலுள்ள பிரோசாபாத்திலிருந்து வருகின்றன. அங்கே சூளையிலிருந்து சுருளாக வரும் கண்ணாடியை அறுத்து, பிரிந்து நிற்கும் இரு முனைகளையும் விளக்குச் சுடரில் காட்டி ஒட்டுகிறார்கள். வீட்டு வேலையாகப் பெண்கள் செய்வது இது. விரல் சுட்டுக்கொண்டு ஒருத்தி ஒட்டியதை, இங்கே வேறொருத்தி தட்டி உடைக்கிறாள்.

சட்டம் ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்கலாம். ஈசுவர சந்திர வித்யாசாகர் பாடுபட்டு, 1856இல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. மறுமணம் செய்துகொள்ளலாம் என்று அது சொன்னது. மறுமணம் வேண்டாம், இருக்கிறபடியே இருக்கிறேன், என் வளையலை என்னிடம் விட்டுவிடுங்கள் என்று ஒருத்தி கேட்டால் அதற்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை.

என் பெரியம்மையிடம் ஒரு நாள் வாதாடினேன். அவள் பத்தொன்பது வயதில் வெறுங்கையானவள். "துக்கத்துக்கு ஓர் அடையாளம் வேண்டாமாடா? வளையல் குலுங்கிக்கிட்டே எப்படி அழ முடியும்?" என்றாள். இந்தப் பேச்சை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. துயரத்தில் நகையை வெறுப்பது மனித சுபாவம். சங்கப் பாடல்களின் தலைவிக்குப் பிரிவினால் தோள் மெலிகிறது, வளை தானே கழன்று விழுகிறது. அந்த வளையை யாரும் இழுக்கவில்லை. பெரியம்மையிடம் கேட்டேன்: "உங்கள் வளையல் தானாகக் கழன்றதா, பெரியம்மா?" அவள் நெடுநேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "எனக்கு அப்போ அழவே தெரியலை. சினிமாவுக்குப் போகணும்னு ஆசைப்பட்டுக்கிட்டிருந்த வயசு" என்றாள்.

தானாகக் கழல்வதை இலக்கியத்தில் படித்திருக்கிறோம். தானே கழற்றியவளைச் சரித்திரத்தில் பார்க்கலாம். 1934ஆம் ஆண்டு ஜனவரியில், மலபாரில் உள்ள வடகரையில், காந்தியடிகள் ஹரிஜன நிதி திரட்டிக்கொண்டிருந்தார். கௌமுதி என்ற பதினாறு வயதுப் பெண் மேடைக்கு வந்தாள். வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். பிறகு கழுத்துச் சங்கிலியை, பிறகு காதணியை. இனி நகை அணிவதில்லை என்றும் முடிவு செய்தாள். காந்தியடிகள் மனம் நெகிழ்ந்து 'ஹரிஜன்' இதழில் அதைப் பற்றி எழுதினார். இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வரும். கௌமுதியின் கையும் வெறுங்கை, என் பெரியம்மையின் கையும் வெறுங்கை. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒரு கையைக் கண்டு தேசமே வணங்கியது. மற்றொரு கையைக் கண்டால், வெளியே புறப்பட்டவர்கள் திரும்பி உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட்டார்கள். வளையல் இருப்பதிலும் இல்லாமலிருப்பதிலும் என்ன இருக்கிறது? கழற்றியது யார் கை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இவ்வளவும் யோசித்து, மிகத் தெளிவாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

2022 மே மாதம் மராட்டிய மாநிலத்துச் செய்தி ஒன்று வந்தது. கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்ற கிராமத்தின் பஞ்சாயத்து, கணவனை இழந்தவளின் வளையலை உடைப்பது, குங்குமத்தை அழிப்பது, தாலியைக் களைவது ஆகிய வழக்கங்களை இனிச் செய்வதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. மற்றப் பஞ்சாயத்துகளும் அதைப் பின்பற்றும்படி அந்த மாநில அரசு அதே மாதம் கேட்டுக்கொண்டது. ஒரு கிராமத்தால் முடிந்தது, படித்த நம் குடும்பத்தால் முடியவில்லையே என்று வெட்கப்பட்டேன். வாய்ப்பு வரும்போது பரிகாரம் செய்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

சென்ற தை மாதத்தில் வாய்ப்பு வந்தது. தங்கை மகளுக்கு வளைகாப்பு. வளையல் வாங்க நான்தான் போனேன். மருமகளின் அளவுக்குச் சிவப்பும் பச்சையுமாக வாங்கிவிட்டு, "இரண்டு ஆறிலே ஒரு டஜன் பச்சை" என்று தனியாகவும் வாங்கிக்கொண்டேன்.

கூடம் நிறையப் பெண்கள். மருமகளின் கன்னத்தில் சந்தனம், கை நிறைய வளையல். பெற்ற தாயாகிய என் தங்கை சமையற்கட்டு வாசலில் நின்று, சித்திரான்னங்கள் போதுமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். மகளின் கைக்கு ஒரு வளையல் போட அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளும் வரவில்லை. நான் எழுந்தேன். இந்த முறை எழுந்துவிட்டேன். பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு நேரே அவளிடம் போய், எல்லாருக்கும் கேட்கும்படி, "கையை நீட்டு" என்றேன்.

கூடத்தில் பேச்சு நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, கோபமில்லாத குரலில் சொன்னாள்:

"அன்னைக்கு என் கையைப் பிடிச்சவங்களும் என்னைக் கேக்கலை, அண்ணே. இன்னைக்கு நீயும் கேக்கலை."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கௌமுதியும் புறநானூறும் எங்கே போயின என்று தெரியவில்லை. கூடத்திலிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் நான் அவளுக்கு வளையல் போட நினைத்தது அவளுக்காகவா, பின்கட்டிலிருந்து ஒன்பது ஆண்டுகளாக எனக்குக் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தத்துக்காகவா?

அவள் பொட்டலத்திலிருந்து ஒரு வளையலை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். "அளவு சரியா வாங்கியிருக்கே" என்றாள். பிறகு, "பச்சை எனக்கு எப்பவுமே பிடிக்காதே!" என்றாள்.

"எது பிடிக்கும்?" என்று கேட்டேன். ஐம்பது வயதுத் தங்கையிடம் அதை முதல் முறையாகக் கேட்கிறேன்.

"கருநீலம்."

மறுநாள் கடையில் மாற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.