மஞ்சள் வண்ணத்துக்கு அடியில்

ஷேக்ஸ்பியரின் முகம் இதுதான் என்று பலர் நெடுங்காலம் நம்பிய ஓவியம் ஒன்று ஸ்ட்ராட்ஃபோர்டில் இருக்கிறது. அதைக் கொடுத்த குடும்பத்தின் பெயரால் 'ஃப்ளவர் ஓவியம்' என்பார்கள். மூலையில் 1609 என்று எழுதியிருக்கும். கவிஞர் உயிரோடிருந்த ஆண்டு. அவரை எதிரே உட்கார வைத்துத்தான் வரைந்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தோன்றும்.

2005-ல் லண்டன் தேசிய உருவப்பட அரங்கத்தார் அதைச் சோதித்தார்கள். அதிலிருந்த குரோம் மஞ்சள் வண்ணம் 19-ஆம் நூற்றாண்டுக்கு முன் எந்த ஓவியர் கைக்கும் கிடைக்காத ஒன்று. நம்பிக்கை அந்த மஞ்சளோடு போயிற்று.

ஆனால் என் மனம் அந்த மஞ்சளில் நிற்கவில்லை, அதற்குக் கீழே போய்விட்டது. அதே ஓவியத்தை முன்பே எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். கவிஞரின் முகத்துக்கு அடியில் கன்னி மரியாளும் குழந்தை இயேசுவும் இருந்தார்கள். யாரோ ஒருவர், பழமை தெரியட்டும் என்றோ, பலகை வீணாகக் கூடாது என்றோ, தாயையும் பிள்ளையையும் மூடிவிட்டு மேலே ஒரு கவிஞரை வரைந்திருக்கிறார். காசுக்குச் செய்தாரோ, ஆசைக்குச் செய்தாரோ, அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முகம் வேண்டும் என்ற பசி அவருக்கு மட்டுமா? அந்த அரங்கம் 1856-ல் தொடங்கியபோது முதல் எண் இட்டுச் சேர்த்த 'சாண்டோஸ்' படமே ஷேக்ஸ்பியருடையது என்று சொல்லப்படுவதுதான். அதையும் இன்றுவரை முழு நிச்சயத்தோடு சொல்ல முடியவில்லை.

ஐயம் பக்திக்குப் பகை என்று சிறு வயதில் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றுவதில்லை. 'இதுவல்ல, இதுவல்ல' என்று ஒவ்வொன்றாக விலக்கிப் போவதும் ஒரு தேடல்தானே. உண்மையான முகத்தின் மேல் அத்தனை ஆசை இல்லாதவர் பொய் முகத்தைச் சோதிக்க மெனக்கெடுவாரா?

ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டு கழித்து, 1623-ல், நாடகங்களை ஒன்றாகத் தொகுத்து அச்சிட்டார்கள். முகப்பில் மார்ட்டின் ட்ரூஷவுட் செதுக்கிய படம். கவிஞர் மறைந்தபோது ட்ரூஷவுட்டுக்கு வயது பதினைந்து இருக்கும். விறைத்த கழுத்துப்பட்டையின் மேல் தலை தனியே எடுத்து வைத்ததுபோல் இருக்கும், தாம்பாளத்தில் வைத்த தேங்காய் மாதிரி. ஆனாலும் கவிஞரை அறிந்தவர்கள் ஏற்றுக்கொண்ட படம் அது. எதிர்ப்பக்கத்தில் நண்பர் பென் ஜான்சன் பத்தே வரிகளில் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். செதுக்கியவரைப் பாராட்டிவிட்டு, படத்தைப் பார்க்காதே, நூலைப் பார் என்கிறார்.

நகல் பதிப்பில் அந்த இரு பக்கங்களையும் விரித்து வைத்துக்கொண்டு, அவர் சொன்னபடி செய்து பார்த்தேன். வலப்பக்கத்து முகத்தை உள்ளங்கையால் மூடினேன். இடப்பக்கத்தை இரண்டு முறை வாசித்தேன். மூன்றாம் முறை வாசிக்கையில், மூடிய விரல்களின் இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.