கொல்லையில் கற்ற அநித்தியம்



அநித்தியம் என்னும் சொல்லைப் பௌர்ணமிதோறும் ஓதுகிறோம். அதன் பொருளையோ நம் வீட்டுக் கொல்லையிலேயே காணலாம்.

பெங்களூருக்கு ஆலை வேலை நாடி வந்த நம்மவர், ஓட்டு வீட்டின் பின்னே சிறிது மண் கிடைத்தாலும் கத்தரியும் மிளகாயும் நட்டனர். மூலையில் ஒரு மாங்கன்றும் வைத்தனர். அன்று வெயில் முழுவதும் பாத்திக்கே. ஆண்டுகள் சென்றபின் மாமரம் கூரைக்கு மேல் ஓங்கிற்று. கத்தரி வெறுங்குச்சியாய் நீண்டு காய்ப்பற்று நின்றது. "கண்ணேறு பட்டது" என்பார் உளர். கண்ணும் படவில்லை, மண்ணும் கெடவில்லை, நிழல் வளர்ந்தது. காரணம் மாறக் காரியமும் மாறிற்று.

இப்பிழையை யாமும் செய்தோம். எம் கொல்லை மாமரம் எம் அன்னையார் தம் கையால் நட்டது. அவர் மறைந்தபின் அதில் ஒரு கிளையையும் கழிக்க யாம் இசையவில்லை. மூன்றாண்டுகள் அதன் நிழலிலேயே கத்தரி நட்டு ஏமாந்தோம். "மாமா, கிளையைக் கழிப்போம், நிழலில் வளர்வதை நடுவோம்" என்று மருமகள் பன்முறை கூறியும் செவிகொடுத்திலேம். ஒருநாள் மழைக்காற்றில், கரையான் அரித்த பெருங்கிளை முறிந்து வீழ்ந்தது. அரை நாழிகைக்கு முன் எம் பேரன் விளையாடிய இடம் அது! அன்றிரவு யாம் உறங்கவில்லை. அன்னையிடத்து அன்பென்று யாம் எண்ணியது வெறும் பற்றே என்று அன்று கண்டோம்.

பின்னர்ப் பட்ட கிளைகளைக் கழித்தோம். நிழலில் மஞ்சளும் இஞ்சியும் சேம்பும் வைத்தோம். கத்தரியை வெயிற்புறம் மாற்றினோம். அடுத்த ஆண்டு அப்பாத்தியில் அவரை விதைத்தோம். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஓரினம். ஒரே மண்ணில் மீண்டும் மீண்டும் நட்டால் வாடல் நோய் தங்கிவிடும். குலை தந்த தாய்வாழையை வெட்டிக் கன்றுக்கு இடம் விட்டோம். மரம் இன்றும் நிற்கிறது, காய்க்கிறது.

"எல்லாம் மாறுமெனில் சீலமும் மாறுமோ?" எனின், மாறாது. பாத்தி இடம் மாறும். நீர் வேண்டும் என்பது மாறாது. மழைக்காலத்தில் பிக்குகள் நடந்து இளம்பயிரை மிதிக்கின்றனர் என்று மக்கள் குறை கூறியபோது, பகவன் மாரிக்காலத்தில் ஓரிடத்துத் தங்கும் விதியை வகுத்தார். நடைமுறை மாறிற்று, கொல்லாமை மாறவில்லை, அதன்பொருட்டே நடைமுறை மாறிற்று.

நம் சங்கமும் ஒரு தோட்டமே. 1898இல் பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் நட்டது, கோலார் தங்கவயலிலும் வேரூன்றிற்று. 2001இல் அங்குச் சுரங்கம் மூடப்பட்டது. இளைஞர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று இருட்டியபின் திரும்புகின்றனர். சுரங்கச் சங்கொலி கேட்ட நாளில் வகுத்த நேரத்திலேயே இன்றும் கூட்டம் வைத்துவிட்டு, "இளைஞர் வருவதில்லை" என்று வருந்துவது முறையோ? நேரத்தை மாற்றுவோம். பொறுப்பையும் அவர் கையில் ஈவோம். எம்போன்ற முதியோர் தாய்வாழையின் பாடத்தைக் கற்றல் வேண்டும்.

வரும் ஞாயிறன்று கொல்லையைச் சுற்றிப் பாருங்கள். எது நிழலில் வாடுகிறதென்று காணுங்கள். பின் இல்லத்தையும் சங்கத்தையும் அவ்வாறே நோக்குங்கள். கிளை முறியும்வரை காத்திராதீர்கள்.

எல்லா உயிரும் நலமுறுக! சாது! சாது! சாது!