புள்ளி குறைந்த கோலம்

மார்கழி மாதத்தில் செட்டியார்பட்டியில் விடியலுக்கு முன்னரே எழுந்து வாசலுக்கு வருகிறவன், மேற்கே மலைத்தொடரின் உருவம் இன்னும் இருளிலிருந்து பிரிந்து நிற்காத அந்த வேளையில், தெருவிளக்கின் வெளிச்சத்தில் குனிந்து கோலமிடும் பெண்களையே முதலில் காண்பான். என் தமக்கையார் அவ்விதம் குனியத் தொடங்கி எழுபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஏழு வயதில் எங்கள் தாயார் அவர் கையில் மாவுக் கிண்ணத்தைக் கொடுத்தார். விவாகம், பிள்ளைப்பேறு, வைதவ்யம், மறுபடியும் பிறந்த வீட்டு வாசல் என்று ஜீவியம் எங்கெங்கோ அவரைக் கொண்டுபோய்ச் சுற்றியும், அந்தக் கிண்ணம் மட்டும் அவர் கையை விட்டு இறங்கவில்லை.

சென்ற மார்கழி முதல் நாள் அவர் இட்ட கோலத்தைப் பார்த்து நான் திடுக்குற்றேன். மார்கழிப் பிறப்பு என்றால் இருபத்தொரு புள்ளி, ஊடுபுள்ளி, பதினொன்றில் முடிய வேண்டும் என்பது எங்கள் வீட்டில் சாஸ்திரம்போல நிலைத்துவிட்ட வழக்கம். அன்று வாசலில் இருந்தது ஒன்பது புள்ளி, ஐந்தில் முடிந்த ஒரு சிறிய சிக்குக் கோலம். நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். 331 புள்ளிகள் இருக்கவேண்டிய இடத்தில் 61 புள்ளிகளே இருந்தன என்பதை எண்ணாமல் இருக்க என்னால் இயலவில்லை.

“என்னக்கா, ஒன்பதோட நிறுத்திட்ட?” என்று கேட்டேன்.

“இடுப்பு சொன்னதைக் கேட்டேன் தம்பி. இழை சேர்ந்திருக்கா இல்லையா, அதைப் பாரு” என்றார்.

பார்த்தேன். புறப்பட்ட இடத்துக்கே வந்து இழை சேர்ந்திருந்தது. ஒரு புள்ளியும் அநாதையாக விடப்படவில்லை. பெரிய கோலத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டாக அன்றி, தன்னளவில் பூரணமான வேறொரு கோலமாக அது இருந்தது. அன்று முதல் இந்த விஷயம் என் மனத்தைப் பற்றிக்கொண்டது.

ஒருவர் நெடுங்காலமாகப் பிரியத்தோடு செய்துவரும் காரியத்துக்கு நம் மொழியில் ‘பொழுதுபோக்கு’ என்ற பெயர் வழங்கி வருகிறது. அந்தச் சொல்லின்மீது எனக்கு நெடுநாளாகவே ஒரு மனத்தாங்கல் உண்டு. பொழுது என்பது நாம் போக்காவிட்டாலும் போகிற வஸ்து. எழுபது பிராயத்துக்குமேல் அதன் நடை இன்னும் துரிதப்படுகிறது என்பது என் அனுபவம். தானே ஓடுகிறதை விரட்டுவதற்கு நாம் ஏன் பிரயத்தனப்பட வேண்டும்? ஐம்பத்தெட்டாவது வயதில் எனக்குப் பொன்னாடை போர்த்திப் பிரிவுபசாரம் நடத்திய அன்று பேசிய அத்தனை பேரும், இனிமேல் நான் ஓய்வெடுத்துக்கொள்ள வேண்டும் என்றும், பொழுதுபோக்காகத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் ஆசீர்வதித்தார்கள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததற்கு இடையிடையே நான் தோட்டம் பார்த்ததாக அவர்கள் எண்ணியிருந்தார்கள். தோட்டம் பார்த்ததற்கு இடையிடையேதான் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்ற உண்மையைச் சம்பளம் வாங்கியவன் மேடையில் சொல்லுவது மரியாதை ஆகாது என்று மௌனமாக இருந்துவிட்டேன்.

என் தோட்டம் பெரிதன்று. கொல்லைப்புறத்தில் நந்தியாவட்டை, செவ்வரளி, துளசி, கொஞ்சம் மரிக்கொழுந்து, அவ்வளவே. பூவைப் பறித்து வாழைநாரில் தொடுப்பதற்கு என் பாட்டனார் எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு இந்தப் பழக்கத்தைக் குறித்து யாரிடமும் சமாதானம் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. 192 அடி உயர்ந்து, பதினொரு நிலைகளோடு நிற்கும் அந்த ராஜகோபுரத்தின் ஊரிலே, வித்தையைக் காட்டிலும் நந்தவனத்தையே தம் கைங்கரியமாகக் கொண்ட பெரியாழ்வாரை நினையாமல் ஒருவன் மண்வெட்டியைத் தொடுவது கடினம். அங்கிருந்து ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவுக்காக மதுரையில் அழகருக்கும் போகிறது. அதைக் காட்டிலும் என்னை ஆட்கொண்டது ஆண்டாளின் கையில் இருக்கும் கிளிதான். மரவள்ளி இலைகளால் உடலும், மாதுளையால் அலகுமாக, அந்தக் கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. நேற்றைய கிளி இன்றைக்கு உதவாது. தலைமுறை தலைமுறையாக அதைச் செய்துவருகிறவர்கள், தாம் இதுவரை எத்தனை கிளிகள் செய்தோம் என்று கணக்கு வைத்துக்கொள்வார்களோ என்னவோ. கோயிலுக்கு அந்தக் கணக்கு வேண்டியதில்லை, அன்றைய கிளி இருந்தால் போதும்.

இவ்வித அன்றாடக் காரியங்களிலே முதுமைக்கு மிகவும் இசைவான ஒரு குணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கோலம் உச்சிவேளைக்குள் காலடி பட்டுக் கலைந்துவிடும்; சரம் மாலைக்குள் வாடிவிடும். சேர்த்துவைப்பதற்கு எதுவும் இல்லாததால், முடிக்காமல் போய்விடுவோமோ என்ற திகிலும் இல்லை. ஆயினும் இதையே ஒரு விதியாகச் சொல்லிவிட முடியாமல் என்னைத் தடுக்கிறவர்களும் உண்டு. 1855-ஆம் ஆண்டில் பிறந்த உ. வே. சாமிநாதையர், 1940-இல் தம் சரித்திரத்தை ‘ஆனந்த விகட’னில் தொடர்ந்து எழுதத் தொடங்கும்போது அவருக்குப் பிராயம் எண்பத்தைந்தை நெருங்கியிருந்தது, 1942-இல் அவர் காலமானபோது அந்நூல் முற்றுப்பெறவில்லை. முற்றுப்பெறாத அந்நூலைக் குறைநூல் என்று கருதி யார் ஒதுக்கினார்கள்? எங்கள் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனும் 2021-இல், தொண்ணூறு கடந்த வயதில், மறையும் காலம்வரை எழுத்தை விட்டாரில்லை. இன்னும் பக்கத்திலேயே, ராஜபாளையத்தில் இருந்துகொண்டே தெலுங்கையும் வடமொழியையும் பாலியையும் பிராகிருதத்தையும் பயின்று, அவற்றிலிருந்து தமிழுக்கு நூல்களைக் கொண்டுவந்த மு. கு. ஜகந்நாதராஜா இருந்தார். விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் ஆண்டாளைக் குறித்துத் தெலுங்கில் இயற்றிய ‘ஆமுக்தமால்யதா’வை அவர் தமிழாக்கியதற்கு 1989-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. துங்கபத்திரைக் கரையில் அரசாண்ட ஒரு சக்கரவர்த்தி நம் ஸ்ரீவில்லிபுத்தூரைப் பாடினார். நானூற்றுச் சொச்சம் வருஷங்களுக்குப் பிறகு அதை ஒரு ராஜபாளையத்துக்காரர் ஊருக்குத் திருப்பிக்கொண்டுவந்து சேர்த்தார். அவருக்குப் பாலியும் பிராகிருதமும் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால், அந்தச் சொல்லை அப்போதுமட்டும் நான் ஏற்றுக்கொள்ளத் தயார்.

பிற தேசத்தாரும் இதைப்பற்றிச் சிந்தித்திருக்கிறார்கள். ரோமாபுரியின் சிசரோ, கி.மு. 44-இல், தமக்கு அறுபத்திரண்டு வயதானபோது, முதுமையைப் போற்றி ஒரு நூல் எழுதினார். அதிலே பேசுகிறவராக அவர் அமைத்துக்கொண்டது, தமக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த கேட்டோ என்ற எண்பத்துநான்கு வயதுப் பெரியவரை. கிழப்பருவத்தில் கிரேக்கம் கற்றதைப் பற்றியும், திராட்சைக்கொடி துளிர்ப்பதைக் கண்டு மகிழ்வதைப் பற்றியும் அந்தப் பெரியவர் பேசுவதை வாசிக்கும்போது, நம் கொல்லைப்புறத்துக்கும் ரோமாபுரிக்கும் தூரம் இல்லை என்றே தோன்றும். ஆனால் இதே கேட்டோ தம் கைப்பட எழுதிய வேளாண்மை நூல் ஒன்று உண்டு. கிழட்டு எருதோடு கிழட்டு அடிமையையும் விற்றுவிட வேண்டும் என்பது அதிலே பண்ணைக்காரனுக்கு அவர் கூறும் யோசனைகளுள் ஒன்று. திராட்சைக்கொடியின் அருகே நின்று முதுமையின் இன்பங்களை அனுபவிப்பதற்கு அவருக்குக் கிடைத்த அவகாசம் எவருடைய முதுகின்மீது நின்றது என்பது அப்போது விளங்குகிறது.

விளங்கியதும் நான் என் வாசலைத் திரும்பிப் பார்க்கவேண்டி வந்தது. என் பூந்தொடுப்பு ‘சாருடைய ரசனை’ என்று ஊரில் பாராட்டப்பட்டது; என் தமக்கையாரின் கோலம் வீட்டுவேலைகளில் ஒன்றாகவே எண்ணப்பட்டது. அதை அவருடைய கலை என்றோ, அபிலாஷை என்றோ எழுபத்திரண்டு ஆண்டுகளில் எங்களில் ஒருவரும் சொன்னதில்லை. தளவாய்புரத்திலும் எங்கள் ஊர்த் தெருக்களிலும் நைட்டி தைக்கும் இயந்திரங்களின் முன்னே, பீஸுக்கு இவ்வளவு என்ற கூலிக்குக் காலைமுதல் குனிந்திருக்கும் பெண்களில் எத்தனை பேர் பாடக்கூடியவர்கள், எத்தனை பேர் சித்திரம் எழுதக்கூடியவர்கள் என்பதை அவர்களே மறந்திருக்கலாம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு என்பது, உத்தியோகம் என்று பெயரிட்ட ஒன்றைச் செய்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கிறது. இதற்கு நான் பரிகாரம் கூறத் தகுதியற்றவன். என் காப்பியை நானே கலந்துகொள்ளக் கற்றதே அறுபது வயதுக்குமேல்தான்.

1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை நிறுவிய காலந்தொட்டு, எங்கள் பக்கத்து ஆண்மக்களில் பலருடைய நாள் ஆலைச் சங்கின்படி விடிந்தது. என் நண்பர் ஒருவர், வயதில் என்னைவிட இரண்டு மூத்தவர், நூற்பாலை ஒன்றில் முப்பத்தாறு வருஷம் ஷிப்ட் பார்த்தவர். வேலையிலிருந்து நின்ற பின்னும் நெடுநாள் இரவு ஷிப்ட் நேரத்துக்கு விழிப்புக் கண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பார். அவரைக் காப்பாற்றியது டோலக்கு. பதினாறு வயதிலிருந்து மார்கழிப் பஜனையில் அவர்தான் டோலக்கு. ஆறு வருஷத்துக்கு முன் வலது தோள்பட்டை இறுகிக் கை மேலே எழாமல் போனபோது, “அண்ணாச்சி, இனிமே பஜனைக்கு யாரு?” என்று நான் விசாரத்தோடு கேட்டேன். அவர் டோலக்கைத் தம் பேரனிடம் கொடுத்துவிட்டு, சிறு ஜால்ராவை எடுத்துக்கொண்டு மறுநாளே கோஷ்டியில் நின்றார். “வாத்தியாரய்யா, அடிக்கிற கைதான போச்சு? எண்ணுற மனசு இருக்குல்ல” என்றார். இப்போது கோஷ்டி முழுவதும், டோலக்கு உட்பட, அவருடைய அந்த இரண்டு வெண்கலத் துண்டுகளுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. பேரன் காலம் தப்பினால் கிழவரின் முறைப்பு தெருவின் மறுகோடிவரை தெரியும்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லவேண்டும். என்னோடு பணியாற்றிய ஒருவர் மகா வாசகர். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு அளித்த, முதல்மந்திரியாக இருந்த குமாரசாமி ராஜாவைப்பற்றிப் பேசும்போதெல்லாம், அவருடைய அரசியலைவிட அந்தக் கொடையையே பெரிதாகச் சொல்லுகிற மனிதர். விழித்திரை கெட்டு எழுத்துக்கள் கலங்கத் தொடங்கியபோது, பேத்தி வாசிக்கிறேன் என்றாள். பெரிய எழுத்தில் படிக்கக் கண்ணாடி வாங்கலாம் என்றேன் நான். “அரைகுறையா வாசிக்கிறது வாசிப்பே இல்ல” என்று மறுத்துவிட்டு, நாற்பது வருஷத்துப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டார். தராசில் அவை ஏறியபோது நான் பக்கத்தில் இருந்தேன். சரீரம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது பாதிதான். மீதிப் பாதியை அவருடைய அகந்தை தானாகவே தூக்கிக் கொடுத்தது. முழுமையாகச் செய்தவர்களுக்கே இந்த அபாயம் அதிகம் என்று நினைக்கிறேன். சுமாராகச் செய்தவனுக்கு இன்னும் கொஞ்சம் சுமாராகச் செய்வதில் வெட்கமில்லை.

எனக்கும் அந்த அகந்தை இருந்தது. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுவது என் வாலிபத்து விரதம். தாணிப்பாறையில் தொடங்கிச் சுந்தரமகாலிங்கத்தைத் தரிசித்துத் திரும்பும் அந்த ஏற்றத்தை, முழங்கால் எச்சரித்த பிறகும் மூன்று வருஷம் வீம்பாக ஏறினேன். எண்பது வயதில் மலையேறினார், தொண்ணூறில் ஓடினார் என்று பத்திரிகைகள் படம் போட்டுக் கொண்டாடும் செய்திகள் அந்த வீம்புக்குத் தூபம் போட்டன என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன். அவர்களை நான் குறைசொல்லவில்லை. கால் கொண்டவர் ஏறட்டும். ஆனால் வாலிபத்தை எவ்வளவு தூரம் நகல் எடுக்கிறான் என்பதைக்கொண்டு ஒரு கிழவனை மதிப்பிடுவது, மாம்பழத்தை அதன் புளிப்புக்காகப் பாராட்டுவது போன்றது. நான்காம் வருஷம் பாதிவழியில் உட்கார்ந்துவிட்டேன். முன்பின் தெரியாத இரண்டு வாலிபர்கள் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்து விட்டார்கள். இப்போது தாணிப்பாறையோடு என் யாத்திரை முடிகிறது. அங்கே ஒரு மருதமரத்தின் நிழலில் உட்கார்ந்து ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் பார்க்கிறேன். ஏறிய காலத்தில் நான் ஒரு பறவையின் குரலைக்கூடச் செவிமடுத்ததாக ஞாபகம் இல்லை. என் மூச்சின் இரைச்சலே எனக்குப் பெரிதாக இருந்தது.

அதே மார்கழி இருபதாம் தேதி வாக்கில் தமக்கையாருக்கு ஜுரம் கண்டது. வாசல் வெறிச்சென்று கிடக்கலாகாது என்று அவர் படுக்கையிலிருந்தே தவித்ததைச் சகிக்கமாட்டாமல், என் எழுபத்துநான்காவது வயதில் முதன்முதலாக மாவுக் கிண்ணத்தை நான் எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் தெளித்தேன். ஐந்து புள்ளி, மூன்றில் முடிய; பத்தொன்பது புள்ளிகள், கணக்கில் பிழையில்லை. புள்ளிகள் மாத்திரம் வரிசையில் நிற்க மறுத்தன. இரு விரலுக்கிடையே மா ஒரு முறை கொட்டியது, மறுமுறை வரவேயில்லை. குனிந்தபோதுதான் ஒன்று தெரிந்தது: இந்தக் குனிவில் எழுபத்திரண்டு ஆண்டுகள் என்பது சதுரகிரியைவிட எத்தனையோ மடங்கு உயரம். ஒருவழியாக இழையைச் சுற்றிக்கொண்டுவந்தேன். அது புறப்பட்ட இடத்துக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிலைப்படியில் வந்து உட்கார்ந்த தமக்கையார் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “மூணாவது வரிசையில ஒரு வளைவை விட்டுட்ட தம்பி” என்றார்.

எந்த வளைவு என்று நான் தேடிக்கொண்டிருக்கையிலேயே ஜால்ராச் சத்தம் தெருமுனையில் திரும்பிவிட்டது. அண்ணாச்சி பார்ப்பதற்குள் அதைச் சேர்த்துவிட வேண்டுமே என்று நான் அவசர அவசரமாக மறுபடியும் குனிந்தேன்.