தோட்டத் தண்ணீரும் அண்டைவீட்டார் உரிமையும்

 

தலைமடை, கடைமடை என்றால் என்னவென்று நம் தஞ்சைப் பகுதி மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்க வேண்டும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்கப்படவில்லை. குறுவை பொய்த்த அந்த ஆண்டுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திறந்தாலும், கல்லணைக் கால்வாயின் கடைசியில் இருக்கிற பேராவூரணிப் பக்கம் தண்ணீர் போய்ச் சேர நாளாகும். "மேலே இருக்கிறவன் விட்டால்தானே" என்று டீக்கடையில் கர்நாடகத்தைப் பற்றிப் பேசுகிறோம். அதே பேச்சை இன்று நம் வீட்டுக் கொல்லையில் நின்று பேசிப் பார்ப்போம்.

மதீனாவிலும் தலைமடைச் சண்டை நடந்தது. புகாரியில் இடம்பெறும் நிகழ்வு இது. ஹர்ரா பகுதியில் ஓடிய வாய்க்காலில்தான் பேரீச்சந் தோட்டங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டம் மேலே இருந்தது. கீழே தோட்டம் வைத்திருந்த அன்சாரித் தோழர், தண்ணீரைத் தேக்காமல் விடச் சொன்னார். வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. உமது மரங்களுக்குப் பாய்ச்சிவிட்டு அண்டைவீட்டாருக்கு விட்டுவிடும் என்று ஸுபைரிடம் இதமாகத் தீர்ப்பளித்தார்கள். எதிர்த்தரப்பு, "உங்கள் மாமி மகன் என்பதால்தானே" என்ற பொருளில் கோபமாகப் பேசிவிட்டது. அதன் பிறகே, வரப்பு அளவுக்குத் தண்ணீர் எட்டும்வரை தேக்கிக்கொள்ளும் என்று ஸுபைரின் முழு உரிமையை அவருக்குக் கொடுத்தார்கள். அந்த அளவு எவ்வளவு என்று மக்கள் அளந்து பார்த்தபோது கணுக்கால்வரை வந்தது.

கவனியுங்கள். தலைமடைக்காரருடைய முழு உரிமையே கணுக்கால்வரைதான்.

இன்று நம் வீடுகளுக்கு வாய்க்கால் இல்லை, போர்வெல் இருக்கிறது. யாருடைய போர் ஆழமோ, யாருடைய மோட்டார் பெரியதோ, அவரே தலைமடைக்காரர். கோடையில் அவர் தோட்டத்தில் தண்ணீர் ஓடும்போது, பக்கத்து வீட்டு அடிபம்பில் காற்றுதான் வருகிறது. அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இன்னும் கவலை. நல்ல தண்ணீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் அந்த இடத்திற்கு உப்புநீர் ஏறிவரும். அப்போது உறிஞ்சியவருக்கும் மிஞ்சாது.

ஓடும் ஆற்றில் உளூ செய்தாலும் விரயம் கூடாது என்ற ஹதீஸை நாம் அடிக்கடி சொல்வோம். அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு. அதனால் வலுவான ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் உளூ செய்தார்கள். ஏறத்தாழ முக்கால் லிட்டர்.

இப்போது உங்கள் வீட்டு ஹோஸை ஒரு பத்து லிட்டர் வாளியில் விட்டு நேரம் பாருங்கள். அரை நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 20 லிட்டர். அரை மணி நேரம் விட்டால் 600 லிட்டர், அதாவது 800 உளூ! மோட்டாரைப் போட்டுவிட்டு இஷாவுக்கு வந்து, தொழுகைக்குப் பின் பேசிக்கொண்டே நின்று, வீடு திரும்பியபோது தெருவெல்லாம் தண்ணீர் ஓடியதைப் பார்த்தவன்தான் நானும். எனக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

மரம் வளர்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. நாம் நட்டதைப் பறவை தின்றாலும் தர்மம் என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். மரத்துக்குத் தேவையானதைக் கொடுங்கள். தென்னைக்குத் தூரில் கொட்டிப் பயனில்லை. உணவு எடுக்கும் வேர்கள் மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்தில் பரவியிருக்கின்றன. அந்த வட்டத்தில் பாத்தி கட்டி, தேங்காய் மட்டைகளை வெளிப்புறம் மேலாகக் கவிழ்த்து மூடுங்கள். மரத்துக்கு நூறு மட்டை போதும். மட்டை இல்லையென்றால் காய்ந்த ஓலை, நார்க்கழிவு. வெயில் ஈரத்தைக் கொண்டுபோகாது. களிமண் உள்ள ஊர்களில் வேகமாக ஊற்றினால் தண்ணீர் தெருவுக்குத்தான் போகும். கொஞ்சம் ஊற்றி, ஊறவிட்டு, மறுபடி ஊற்றுங்கள். கடலோர மணலில் சொட்டுநீர்க் குழாய் நல்லது. நேரம், ஃபஜ்ருக்குப் பிறகு. உச்சிவெயிலில் வேண்டாம்.

வளைகுடாவில் உழைத்துக் கட்டிய வீட்டின் முன்னால் சிலர் புல்தரை போடுகிறார்கள். ஹராம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆடுகூட மேயாத அந்தப் புல்லுக்குத் தினமும் தண்ணீர் எதற்கு? மிதித்துப் பாருங்கள். புல் தானாக நிமிர்ந்தால் அன்றைக்குத் தண்ணீர் தேவையில்லை.

உளூ செய்து வழிந்த தண்ணீரைத் தோட்டத்துக்கு விடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக விடலாம். ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் அதைக் கொண்டு மறுபடி உளூ செய்யத்தான் முடியாது. தண்ணீர் அசுத்தமில்லை. பள்ளிவாசல் உளூ வாய்க்காலைச் சாக்கடைக்கு விடாமல் தென்னைக்குத் திருப்ப ஒரு கொத்தனாரின் அரைநாள் வேலை போதும். ஜமாஅத் நிர்வாகிகள் காதில் இது விழட்டும்.

யா அல்லாஹ்! கடைமடை வயல்வரை தண்ணீர் போய்ச் சேர அருள்வாயாக. ஆமீன்.